வெயிலா, நாரா? ஒரு டிரைவுக்கு டிஜிட்டல் இரட்டை

தேங்காய் நார் மில்லில் டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, கெட்டுப்போவது பெரும்பாலும் கரண்டினால் அல்ல, நாரினால். மட்டையை அடித்துக் கிழிக்கிற மெஷினிலிருந்து கிளம்பும் நைசான தூசு, காற்று எங்கெல்லாம் உள்ளே போகிறதோ அங்கெல்லாம் போய் உட்காரும். முதலில் டிரைவ் இருக்கும் பேனல் பெட்டிக் கதவின் வலை, அப்புறம் ஃபேனின் இறக்கை, கடைசியில் சூட்டை வெளியே கடத்தும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே. அந்த இடுக்கில் ஒரு பென்சில் நுழைந்தால் பெரிய விஷயம். நாலு இழை சிக்கும், அந்த இழையில் பித் என்கிற நார்த்தூள் ஒட்டும், ஆடி மாதச் சாரலில் ஈரம் ஏறி இறுகும். பிறகு விரலால் சுரண்டினாலும் வராது.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்த ரோட்டைப் பிடித்தாலும் ஒரு செக்போஸ்ட் வந்துவிடும். அதற்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதி. கடைப் பலகையில் எழுத்து மாறுமே தவிர, கடைக்குள் பேச்சு இரண்டு பக்கமும் தமிழ்தான். தென்னையும் அப்படித்தான், எல்லை பார்த்து நிற்பதில்லை. நார் மில்களின் டிரைவ்களையும் ஒன்றிரண்டு சோலார் இன்வெர்ட்டர்களையும் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அதில் ஒரு மில்லின் 50 குதிரைத்திறன் டிரைவுக்கு நான் செய்து வைத்திருக்கும் டிஜிட்டல் இரட்டையைப் பற்றித்தான், அதாவது டிரைவின் கூடவே ஓடும் அதன் கணினி வடிவத்தைப் பற்றித்தான், இந்தப் பதிவு.

டிரைவ் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 415 வோல்ட் மூன்று பேஸ் உள்ளே வருகிறது. டயோடுகள் அதை டி.சி. ஆக்குகின்றன, லோடு இருக்கும்போது சுமார் 560 வோல்ட். நடுவில் பெரிய பெரிய கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. கடைசியில் ஐ.ஜி.பி.டி. என்ற ஸ்விட்சுகள் ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, மோட்டாருக்கு வேண்டிய அதிர்வெண்ணில் ஏ.சி.யை வெட்டிக் கொடுக்கின்றன. இந்த வெட்டலில் கொஞ்சம் சக்தி சூடாகப் போகும். 37 கிலோவாட் டிரைவில் முழு லோடில் சுமார் 1 கிலோவாட். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் ஹீட்சிங்கும் ஃபேனும்.

இனி கணக்கைப் பாருங்கள். சுத்தமான ஹீட்சிங்க், ஒரு வாட் சூட்டுக்கு 0.03 டிகிரி ஏறும் என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட்டுக்கு 30 டிகிரி. ஏப்ரல் மாதம் பாலக்காட்டு வெயிலில் பேனலுக்குள் காற்றே 44 டிகிரி இருக்கும். ஆக ஹீட்சிங்க் 74. எல்லாம் சரியாக இருக்கும்போதே இந்த நம்பர். இப்போது டிசம்பருக்கு வாருங்கள். பேனலுக்குள் காற்று 30 டிகிரி. ஆனால் நார் அடைத்து, வாட்டுக்கு 0.04 ஆகிவிட்டது. ஏற்றம் 40 டிகிரி, ஹீட்சிங்க் 70. அதாவது மூக்கடைத்த டிரைவ் டிசம்பரில், சுத்தமான டிரைவ் ஏப்ரலில் காட்டுவதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. டிரைவின் அலாரம் இதைப் பிடிக்கவே பிடிக்காது. அது 85, 90 என்று ஏதோ ஒரு கோட்டைத் தாண்டினால்தான் கத்தும். கத்துகிற நாள் வருவது மார்ச் கடைசியில், ஆர்டர் நெருக்கும் நேரத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு.

ஆக, டிகிரி நம்பரை மட்டும் பார்த்துப் பயனில்லை. இந்தக் காற்றுச் சூட்டுக்கு, இந்தக் கரண்டுக்கு, இது எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் இரட்டை செய்வது அதைத்தான். ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி, ஆர்.எஸ்.485 என்ற தகவல் ஒயர் வழியாக டிரைவிடமிருந்து விநாடிக்கு ஒரு தடவை கரண்ட், டி.சி. வோல்டேஜ், ஹீட்சிங்க் சூடு மூன்றையும் வாங்குகிறது. காற்று உள்ளே நுழையும் வலையருகே ஒரு தனி சென்சார். கரண்டிலிருந்து எத்தனை வாட் சூடு என்று கணக்கிட்டு, ஹீட்சிங்க் எந்த டிகிரியில் இருக்க வேண்டும் என்று பைத்தானில் ஒரு சின்னச் சமன்பாடு ஓடுகிறது. அலுமினியம் ஒரே நொடியில் சூடாகிவிடாது. எட்டுக் கிலோ அலுமினியம் என்றால் அதன் சூட்டுக் காலம் மூன்றரை நிமிஷத்துக்கு மேல். மட்டை வந்து விழும்போதெல்லாம் கரண்ட் குதிக்கிற மெஷினில் இந்தத் தாமதத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இரட்டை ஒன்று சொல்லும், டிரைவ் ஒன்று சொல்லும்.

சேர்த்த பிறகும் இரண்டும் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாடுதான் எனக்கு வேண்டியது. கால்மன் ஃபில்டர் என்ற கணக்கு முறை அந்த வேறுபாட்டைப் பார்த்து, 0.03 என்ற எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது. 0.031, 0.033 என்று வாரக்கணக்கில் ஊர்ந்து ஏறினால் நார். ஒரே மணி நேரத்தில் படியேறின மாதிரி எகிறினால் ஃபேன் நின்றுவிட்டது. சாயங்காலம் ஊதிச் சுத்தம் செய்தால் மறுநாள் எண் பழையபடி இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் ஊதவில்லை, அல்லது சரியாக ஊதவில்லை. (ஊதும்போது ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றில் அது தன் வேகத்துக்கு மேல் சுற்றினால் பேரிங் போகும். கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுவதும் முக்கியம்.)

மில் ஓனருக்கு முதலில் இது பிடிபடவில்லை.

“ஏனுங் தம்பி, நார் அடைச்சிருக்குன்னு கதவைத் தொறந்து பார்த்தாத் தெரியாதுங்களா? அதுக்கு ஒரு கம்ப்யூட்டரு எதுக்குங்?”

“பார்த்தாத் தெரியுமுங்ணா. என்னைக்குத் தொறந்து பார்க்கறதுன்னுதான் தெரியாதுங்.”

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அதுவுஞ் சரிதான்” என்றார். அதற்குள் அங்கிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், பேனலின் மேல் வென்ட்டில் காயப்போட்டிருந்த தன் துண்டைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்.

டிஜிட்டல் இரட்டை என்றதும் பலருக்கு நினைவில் வருவது முப்பரிமாணப் படம். கோவையில் ஒரு கண்காட்சியில் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். இன்வெர்ட்டர் திரையில் அழகாகச் சுழல்கிறது, தொட்டால் கவர் திறக்கிறது, உள்ளே கெப்பாசிட்டர் பச்சை நிறத்தில் மின்னுகிறது. இந்தப் பச்சை எதை வைத்து வருகிறது என்று கேட்டேன். டிரைவ் அனுப்புகிற ஃபால்ட் எண்ணை வைத்து என்றார்கள். ஃபால்ட் வந்த பிறகு சிவப்பாகும் படத்துக்கு அத்தனை விலை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. டிரைவின் டிஸ்ப்ளேயிலேயே அந்த எண் வரும்.

இந்த யோசனையின் வேர் 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் கொடுத்த ஒரு விளக்கத்தில் இருக்கிறது. நிஜப் பொருள் ஒன்று, அதன் கணினி வடிவம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே போய்வரும் தகவல். இப்படி மூன்று பங்கு. 2010-ஐ ஒட்டி நாசாவின் தொழில்நுட்பத் திட்டங்களில் இது இடம்பிடித்தது. மூன்றாவது பங்குதான் உயிர். தகவல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்து, கணினி வடிவம் தன்னைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது இரட்டை. இல்லையென்றால் வெறும் சிமுலேஷன், அல்லது வெறும் படம்.

பவர் எலக்ட்ரானிக்ஸில் இதை அழகாகச் செய்து காட்டியவர்கள் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்து ஆட்கள். ஒரு சாதாரண பக் கன்வெர்ட்டர், அதாவது டி.சி. வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற சர்க்யூட். கன்ட்ரோலுக்காக ஏற்கெனவே அளக்கிற இண்டக்டர் கரண்ட், அவுட்புட் வோல்டேஜ் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், புது சென்சார் எதுவும் மாட்டவில்லை. கணினியில் அதே சர்க்யூட் ஓடுகிறது. இரண்டின் அலைவடிவமும் ஒத்துப்போகும் வரை கணினியில் இருக்கும் இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ், கெப்பாசிட்டரின் உள் மின்தடை, ஸ்விட்சின் மின்தடை எல்லாவற்றையும் ஒரு தேடல் முறை மாற்றி மாற்றிப் பார்க்கிறது. பறவைக் கூட்டம் இரை தேடும் விதத்தைப் பார்த்து 1995-இல் கென்னடியும் எபர்ஹார்ட்டும் சொன்ன முறை அது. ஒத்துப்போன அந்த எண்களே உள்ளே இருக்கும் பாகங்களின் இன்றைய உடல்நிலை.

ஆனால் இதை அப்படியே மில்லுக்குக் கொண்டுவர முடியாது. 20 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் கன்வெர்ட்டரில் ஒரு சுற்று 50 மைக்ரோவிநாடி. அந்தச் சுற்றுக்குள் அலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதில்தான் கெப்பாசிட்டரின் கதை எழுதியிருக்கிறது. டிரைவும் ராஸ்பெர்ரி பையும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் என்ற முறையில் விநாடிக்கு ஒரு எண்தான் வருகிறது, அதில் அது எப்படித் தெரியும்? “எங்கள் கிளவுடில் கெப்பாசிட்டர் ஆயுள் தெரியும்” என்று யாராவது சொன்னால், எத்தனை மைக்ரோவிநாடிக்கு ஒரு சாம்பிள் எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எனக்கு வேறு ஒரு வழி கிடைத்தது. அது சாயங்காலம் மில் நிற்கும்போது.

டிரைவை நிறுத்தி, மோட்டார் முழுசாக நின்ற பிறகு ஐசொலேட்டரை, அதாவது மெயின் ஸ்விட்சை, இறக்கினால், கெப்பாசிட்டரில் இருக்கும் வோல்டேஜ் மெல்ல வடியும். வடிவதற்கென்றே குறுக்கே ரெசிஸ்டர்கள் இருக்கும். இந்த டிரைவில் கெப்பாசிட்டர் மொத்தம் 4950 மைக்ரோஃபாரட், ரெசிஸ்டர் 20 கிலோஓம். பெருக்கினால் 99 விநாடி. அதாவது 560 வோல்ட் சுமார் 206-க்கு இறங்க 99 விநாடி ஆக வேண்டும். பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் மீட்டரில் பார்த்தால் சுமார் 18 விநாடியில் 200-க்கு வந்துவிடுகிறது!

காரணம், டிரைவின் மூளைக்குச் சாப்பாடு போடுகிற சின்ன பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அதே டி.சி.யில்தான் தொங்குகிறது. அது உறிஞ்சுவது சுமார் 30 வாட், ரெசிஸ்டர் தின்பதோ 560 வோல்ட்டில்கூட 16 வாட்தான். வோல்டேஜ் குறையக் குறைய எஸ்.எம்.பி.எஸ். அதே 30 வாட்டுக்காகக் கூடுதல் கரண்ட் இழுக்கும். 200 வோல்ட்டை ஒட்டி அதுவும் முடியாமல் நின்றுவிடும், டிஸ்ப்ளே அணையும். அதன் பிறகு இருப்பது ரெசிஸ்டர் மட்டும். மிச்சமுள்ள 200 வோல்ட் 74-க்கு வர 99 விநாடி ஆகிறது. கிராஃபில் பார்த்தால் ஒரே கோட்டில் முழங்கால் மாதிரி ஒரு மடிப்பு. மேல் பாதி வேகம், கீழ் பாதி நிதானம்.

இந்த முழங்காலுக்குக் கீழே உள்ள பாதியில் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் மட்டுமே இருக்கின்றன. ரெசிஸ்டர் மதிப்பு அவ்வளவு எளிதில் மாறாது, டிரைவைத் திறந்தபோது ஒரு தடவை மீட்டரில் பார்த்துக்கொண்டேன். ஆக மாறுவது கெப்பாசிட்டர்தான். 99 விநாடி 79 ஆனால் கெப்பாசிட்டன்ஸ் 20 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஆயுள் முடிந்ததாகத் தொழிலில் வழக்கமாக வைக்கிற கோடு அதுதான். மேல் பாதியிலிருந்து எஸ்.எம்.பி.எஸ். இழுக்கும் வாட் கிடைக்கிறது. சில கம்பெனி டிரைவ்கள் பவர் ஆஃப் ஆகும்போது இந்த மாதிரித் தாங்களே அளந்துகொள்ளும். இதில் அந்த வசதி இல்லை. டிஸ்ப்ளே அணைந்தால் மோட்பஸ்ஸும் அணைந்துவிடும் என்பதால், கீழ் பாதியை அளக்க டி.சி. பக்கம் ஐசொலேஷனோடு ஒரு வோல்டேஜ் சென்சாரைத் தனியாக மாட்ட வேண்டியிருந்தது.

அளவு எடுப்பது தினமும் சாயங்காலம் மட்டும். கெப்பாசிட்டர் சூடாக இருக்கும்போதும் ஆறின பிறகும் எண் மாறும். காலை அளவையும் மாலை அளவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒன்றும் ஆகாத கெப்பாசிட்டரைச் செத்துப்போனதாக நினைக்க வேண்டியிருக்கும்.

இதற்கு இரட்டை எல்லாம் வேண்டாம் என்றாலும், இந்த ஒரு விஷயத்தை மில்லில் வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: டிஸ்ப்ளே அணைந்தது என்றால் டிரைவ் காலி என்று அர்த்தம் அல்ல. அணைந்த அந்த நொடியில் உள்ளே 200 வோல்ட் டி.சி. நிற்கிறது, அது இறங்கும் வேகமும் அதற்குப் பிறகுதான் குறைகிறது. கவரில் எழுதியிருக்கும் நிமிஷக் கணக்கு வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

ஐ.ஜி.பி.டி. பற்றிக் கொஞ்சம். சிலிக்கான் சிப்பின் மேல் அலுமினிய ஒயர் பற்றவைத்திருக்கும். ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், சிலிக்கான் 3 பங்குகூட விரியாது. சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் பற்றவைத்த இடம் இழுபடும். எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது முக்கியம். ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுற்றுகள் முப்பதில் ஒரு பங்குக்குக் குறையும் என்பது பழைய சோதனைகளில் வந்த ஏறக்குறைய கணக்கு. ஒயர் தளர்வதை, ஸ்விட்ச் மூடியிருக்கும்போது அதன் மேல் நிற்கும் வோல்டேஜ் 5 சதவீதம் கூடுவதை வைத்துப் பிடிக்கலாம். ஆனால் சிப் சூடானாலும் அந்த வோல்டேஜ் மாறும். 5 சதவீதம் அதில் மறைந்துவிடும். மில் பேனலில் அதை அளக்க முயற்சி செய்வதை நான் விட்டுவிட்டேன். சிப்பின் சூட்டை இரட்டை கணக்கில் மட்டும் வைத்திருக்கிறது. ஐ.ஜி.பி.டி. மாடியூலுக்குள் இருக்கும் தெர்மிஸ்டர் என்ற சூட்டு சென்சார் காட்டுவது சிப்பை அல்ல, அடித்தட்டை. சிப் அதற்கு மேல் பத்திருபது டிகிரி கூடுதலாக இருக்கலாம்.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்யும் இடம் எங்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து திருச்சூர் வரை போகிற 320 கிலோவோல்ட் டி.சி. லைன், 2000 மெகாவாட். 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். டிரைவில் இருப்பது போலவே ஐ.ஜி.பி.டி.களால் வெட்டும் வி.எஸ்.சி. வகை டி.சி. லைன்களில் இந்தியாவில் இது முதலாவது. கேரளப் பக்கம் வடக்கஞ்சேரி தாண்டியதும் மண்ணுக்கடியில் கேபிளாகப் போகிறது. அந்த கன்வெர்ட்டர்களில் ஏராளமான மாடியூல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கெப்பாசிட்டர், ஒவ்வொன்றின் வோல்டேஜும் தனித்தனியாகக் கண்காணிப்பில். கன்ட்ரோல் பெட்டியை நிஜ லைனில் மாட்டுவதற்கு முன், நிஜ நேரத்தில் ஓடும் சிமுலேட்டரோடு இணைத்துச் சோதிப்பது இந்தத் துறையில் பழைய பழக்கம். அப்படிப்பட்ட சிமுலேட்டர் ஒன்று கனடாவின் வினிபெக்கில் பிறந்தது. ‘இரட்டை’ என்று யாரும் சொல்லாத காலத்து இரட்டை.

சரி, கண்காணிப்பு ஆயிற்று. டிரைவைக் கட்டுப்படுத்தவும் இரட்டையை விடலாமா?

என் பதில்: கொஞ்சம் விடலாம். கரண்ட் லூப், வோல்டேஜ் லூப் எல்லாம் டிரைவின் சொந்த வேலை. அது மைக்ரோவிநாடிக் கணக்கில் நடக்கிறது, ராஸ்பெர்ரி பை அங்கே மூக்கை நுழைக்கக் கூடாது. டிரைவை ட்ரிப் செய்யும், அதாவது சட்டென்று நிறுத்தும், அதிகாரமும் இரட்டைக்குக் கொடுக்கவில்லை. இரட்டைக்குக் கொடுத்திருப்பது இரண்டே விஷயம். சிப்பின் கணக்குச் சூடு அதிகமானால் ஸ்விட்சிங் அதிர்வெண்ணை 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4-க்கு இறக்கலாம். வெட்டுவதால் வரும் சூடு அதில் ஏறக்குறைய பாதியாகும். மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், நார் மில் இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது? அதுவும் போதாவிட்டால் மட்டை போடும் கன்வேயரின் வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம். பை செத்துப்போனாலோ, ஒயர் கழன்றாலோ டிரைவ் தன் பழைய செட்டிங்குக்கே திரும்பும்படி டைம்அவுட் வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல டிரைவ்களில் மோட்பஸ் வழியாகப் பாராமீட்டரை மாற்றினால் அது நேராக, பவர் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராமில் எழுதப்படும். அதற்கு எழுத்து ஆயுள் சுமார் 1 லட்சம் தடவை. நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதினால் ஒரு நாளைக்கு 1440. எழுபது நாள்கூடத் தாங்காது. டிரைவைக் காப்பாற்றப் போன இரட்டையே அதன் நினைவகத்தைத் தேய்த்துவிடும். ரேமில் மட்டும் எழுதும் முகவரி மேனுவலில் தனியாக இருக்கும், தேடிப் பிடியுங்கள். மாற்றம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஓனருக்கு கிராஃப் எதுவும் வேண்டாமாம். “நாரா, வெயிலான்னு ஒரே வார்த்தையில மெசேஜ் வந்தாப் போதுங்” என்றார். அப்படியே அமைத்துக் கொடுத்தேன். ‘நார்’ என்று வந்தால் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு, ‘ஃபேன்’ என்று வந்தால் எனக்கு, ‘வெயில்’ என்று வந்தால் யாருக்கும் வேலையில்லை.

அடுத்து மீனாட்சிபுரத்தில் ஒரு சோலார் இன்வெர்ட்டர் காத்திருக்கிறது. அதில் இந்த வடியும் கணக்கு நேராகச் செல்லாது. பொழுது சாயும்போது சோலார் பேனலின் வோல்டேஜே மெல்ல இறங்குவதால், கெப்பாசிட்டர் தனியாக வடிவது தெரிவதில்லை. இருட்டுவதற்குள் டி.சி. ஐசொலேட்டரை இறக்கி அளக்கலாம். ஆனால் ஆள் வைத்துத் தினமும் அதைச் செய்ய ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். காலையில் இன்வெர்ட்டர் எழும்போது கெப்பாசிட்டர் நிரம்பும் கோட்டிலிருந்து எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.